பதினோராம் பக்கத்து முகவரி

போர்ட் மார்ஸ்டன்
செப்டம்பர் 15

‘மேரி டன்பார்’ கப்பலின் தலைமைச் சமையல்காரரும் எனக்கு வாய்த்த ஒரே தகப்பனாருமான திரு. லாஸல்ஸ் பின்னக் அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்கள் நலமா? உங்கள் சமையலைச் சாப்பிட்டும் இருபத்திரண்டு மாலுமிகள் நலமா?

முதலில் கெட்ட செய்தி. இந்த ஊரில் முடி வெட்ட முடியும் என்று சொன்னது நீங்கள்தான். முடியாது. வெட்டத்தான் முடியாதே தவிர, கெடுக்க நன்றாகவே முடியும். பள்ளியில் புகைப்பட நாள் என்று அம்மா தம்பி டோபியைப் பெரிய தெரு முடிதிருத்தகத்துக்கு அழைத்துப் போனாள். அந்த மனிதர் நல்லவர், நேர்மையானவரும்கூட. “இந்த மாதிரி முடிய நான் டீவியிலதாம்மா பாத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினை ஓட்டினார். நெற்றியில் தொடங்கிப் பிடரி வரைக்கும் ஒரே ஓட்டம். இப்போது உங்கள் மகன் தலையில் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது. செப்டம்பர் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு புகைப்படத்தில் சிரிக்கிறான். பிரதி ஒன்று இத்துடன்.

டொராண்டோவை ஒட்டி நாம் முன்பு இருந்த பிராம்ப்டனில் இது நடந்திருந்தால் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். இங்கே, “பரவால்ல, வளந்துரும்” என்றாள். பிறகு கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் என் கோரிக்கை: டொராண்டோ ஓட்டல் சமையலறை வேலைக்குச் சரி என்று எழுதிப் போடுங்கள். எல்லாரும் அங்கேயே போய்விடலாம். பதில் சொல்ல டிசம்பர் ஒன்று வரை தவணை இருக்கிறது என்பதற்காக அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? உங்கள் கப்பல் குளிர்காலத்தில் இந்தத் துறைமுகத்தில் தூங்குகிறது என்பதற்காக நாங்கள் வருஷம் முழுவதும் இங்கே விழித்திருக்க வேண்டுமா? எங்கள் பள்ளியில் என்னைப் போல் கறுப்பினப் பெண் இன்னொருத்தி கிடையாது. கணக்கு வாத்தியார் பெயரே கூப்பிடுவதில்லை, நிமிர்ந்து பார்த்தாலே நான் வந்திருக்கிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

மேல்நிலை முடிக்க நாற்பது மணி நேரம் ஊர்த்தொண்டு செய்யவேண்டும் அல்லவா? எனக்கு நகர அலுவலகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெவர்லி என்ற அம்மையார் ‘கறுப்பினக் குடியிருப்பாளர்களுக்கான உதவிக் கையேடு’ தயாரிக்கிறார். தட்டச்சு நான். இதில் குறும்புக்கு இடமே இல்லை. கவலை வேண்டாம்.

உங்கள் நெடுஞ்சாலைத் துறை நிருபர்,
ஒடெஸா


சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 28

அன்புள்ள டெஸ்,

உன் கடிதம் தபால் படகிலிருந்து வாளியில் ஏறி வந்தது. கயிற்றை இழுக்கும்போதே கனத்தது. வாய்க்கொழுப்பையும் எடையில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

டோபியின் படத்தைச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். எஞ்சின் அறைக்காரர் பார்த்துவிட்டு, “பையன் அழகு, தொப்பிய மட்டும் கழட்டிறாதீங்க” என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டல் வேலைக்குச் சரி என்று ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, உப்பு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை. கப்பலை விட எனக்கு மனசில்லை என்று நீ நினைப்பாய். அது உண்மைதான், ஆனால் முக்கியமில்லை. உன் அம்மாதான் முக்கியம். நேராகக் கேட்டால் எனக்காக அந்த ஊரிலேயே இருப்பதாகச் சொல்வாள். போன் போட்டால் “நல்லாத்தான் இருக்கேன், எனக்கென்ன” என்கிறாள். அதைச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறாள். டெஸ், பதினெட்டு வருஷமாக அவளை எனக்குத் தெரியும். சந்தோஷமாக இருந்தால் என்னோடு ஒரு மணி நேரம் பேசமாட்டாள். அவளுக்கு வேறு ஜோலி இருக்கும்.

ஆகவே நீதான் என் கண். அம்மா சிரிக்கிறாளா? மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பைக் கேட்கவில்லை. மூக்கால் வருமே, வந்த பிறகு கையால் வாயை மூடிக்கொள்வாளே, அந்தச் சிரிப்பு. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. டிசம்பர் ஒன்றுக்குள் முடிவு செய்கிறேன்.

‘குறும்புக்கு இடமே இல்லை’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்த நாள் முதல் எனக்குத் தூக்கம் குறைவு.

அப்பா


போர்ட் மார்ஸ்டன்
அக்டோபர் 14

தூக்கம் குறைந்த தகப்பனாருக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்குமுன் கையிலுள்ள கத்தியைக் கீழே வைத்துவிடவும்.

கையேடு அச்சாகிவிட்டது. இருநூறு பிரதிகள். பதினாறு பக்கம். தொழிலாளர் உரிமைக்கு ஒரு எண், பாகுபாட்டுப் புகாருக்கு ஒரு எண், மனசு சரியில்லை என்றால் ஒரு எண், தலைமுடி நிலையத்துக்கு ஒரு எண். எல்லாமே டொராண்டோ எண்கள். மனசு சரியில்லாதவன் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்த் தலை பின்னிக்கொள்ளலாம். பதினோராம் பக்கத்தில் ‘உள்ளூர் உதவிகள்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அச்சுக்குப் போகுமுன் அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கறுப்பர்களுக்கான கையேட்டில் அவ்வளவு வெள்ளையை நான் எதிர்பார்க்கவில்லை.

பெவர்லியைக் கேட்டேன். பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாரைப் போடறதுன்னு தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சது உங்கம்மா ஒருத்தங்கதான்” என்றார். அது உண்மை. வாரம் ஒரு தடவை அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, “இந்த விஷயத்துல கறுப்பின மக்கள் என்ன நினைக்கிறாங்க?” என்று கேட்கிறார். போன வாரம் அம்மா, “மத்தவங்களத் தெரியாது. நான் மதியச் சாப்பாட்டப் பத்தி நினைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் என் விரல்கள் தாமாக நகர்ந்தன. நான் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. பதினோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரி விழுந்துவிட்டது:

‘ஞாயிறு, மதியம் இரண்டு மணி. 14, காட்டன் தெரு. தலைமுடி உதவி. சாப்பாடு உண்டு.’

அப்பா, அது நம் வீடு.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெவர்லி என்றாவது கவனித்துவிட்டுக் கத்துவார், அந்தக் கத்தலைக் கேட்டாவது இந்த ஊரில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான் என் திட்டம். ஆனால் முந்தாநாள் ஞாயிறு, அம்மா வழக்கம்போல் அந்தப் பெரிய இரும்புப் பானையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பயறுச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு ஒன்பது பேர் சோறு. புதன்கிழமை வரை அதையேதான் தின்போம் என்று உங்களுக்குத் தெரியும். “சின்ன சட்டியில வையேன்” என்றால், “ஞாயித்துக்கெழம சின்ன சட்டியா? யாராச்சும் வந்தா?” என்பாள். எட்டு மாதமாக யாரும் வந்ததில்லை.

இரண்டு மணிக்கு மணி அடித்தது.

வாசலில் சைக்கிளோடு ஒருவர். எகர்ட்டன் என்று பெயர். நம் ஊர்க்காரர், ஜமைக்காவில் செயின்ட் எலிசபெத். பதினோரு வருஷமாக மே மாதம் வந்து ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு நவம்பரில் திரும்பிப் போகிறாராம். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவையாம். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, “பதினாலாம் நம்பர் இதுதானுங்களா? பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு” என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி டாக்டர் இஃபெயோமா. நைஜீரியாக்காரர். எட்டு மாதமாக டோப்பா வைத்தே சமாளிக்கிறாராம். அவருக்கும் பின்னால், வாசற்படிக்கு வராமல் நடைபாதையிலேயே நின்றுகொண்டு லோரெய்ன் என்ற வெள்ளைக்காரப் பெண். நூலகத்தில் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு வளர்ப்பு மகள் மிமி, ஏழு வயது. அந்தப் பிள்ளையின் முடி ஒரே சிக்கு, பின்னந்தலையில் கம்பளி உருண்டை மாதிரி. லோரெய்ன், “நாங்க வரலாமான்னு தெரியல. பொஸ்தகம் எங்களுக்கில்ல. ஆனா இவளுக்குதான?” என்று கேட்டாள்.

அம்மா மிமி தலையில் கை வைத்துப் பார்த்தாள். ஜமைக்காவில், மாண்டிவில் ஊரில், தன் சித்தி கடையில் ஐந்து வருஷம் தலை பின்னிவிட்டு, இனிமேல் பெற்ற பிள்ளை தவிர யார் தலையையும் தொடமாட்டேன் என்று சபதம் போட்டவள். “டெஸ், எண்ணெய எடுத்தா. அந்த அகலப்பல்லு சீப்பு” என்றாள். அவ்வளவுதான். தலைக்கு மேல் வேலை என்று சொல்வார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் கேட்டது: எகர்ட்டன் டோபியின் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். பிறகு அம்மாவிடம், “மிஸ் மார்வா, ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான். ரெண்டு பக்கமும் வெளக்குக் கம்பம் மட்டும் நட்டுட்டா முடிஞ்சிச்சு” என்றார்.

மூக்கால். ஒரு தடவை. கையால் வாயை மூடிக்கொண்டாள். பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

பானை காலி. திங்கட்கிழமைக்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

பி.கு.: அந்த வரியைப் போட்டது பெவர்லி என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

விரல்கள் மட்டும் குற்றவாளியான,
ஒடெஸா


தண்டர் பே துறை
அக்டோபர் 25

அடியே டெஸ்,

மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவை வெங்காயம் கருகிவிட்டது. அந்த மூக்குச் சிரிப்பு இருக்கிற பத்தியை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

மற்றதற்கு உன்னை என்ன செய்வது? சம்மதம் கேட்காமல் ஒருத்தியின் வீட்டை ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறாய். நல்லது நடந்ததால் அது சரியாகிவிடாது. அம்மாவிடம் நீயே சொல். அவளாகத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்காதே. உன் அம்மா விருந்தாளியை மன்னிப்பாள், பொய்யை மன்னிக்க மாட்டாள்.

ஒரு சிரிப்பு போதாது. நவம்பர் 21 வாக்கில் தபால் படகைத் தாண்டுவோம். ஓட்டலுக்கான கடிதம் வேளைக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் அன்றைக்கு வாளியில் போட்டாக வேண்டும். அதற்குள் நிலவரம் எழுது.

அந்த எகர்ட்டனுக்கு மிளகாய்ச் சட்னி கொடுத்தீர்களா? நம் ஊர் ஆளைச் சட்னி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

அப்பா


போர்ட் மார்ஸ்டன்
நவம்பர் 9

அப்பா,

இந்தத் தடவை பட்டம் எதுவும் இல்லை. தோன்றவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது ஞாயிறு ஏழு பேர். மூன்றாவது ஞாயிறு எகர்ட்டன் இடக் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். ஏணியிலிருந்து விழுந்து பத்து நாளாம். தோட்ட முதலாளி, பறிப்பு முடியட்டும் பார்க்கலாம் என்றாராம். டாக்டர் இஃபெயோமா தலையில் பாதிப் பின்னலோடு எழுந்து வந்து துணியைப் பிரித்தார். “இது ஒடஞ்சிருக்கு. பத்து நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்றார். “ஆப்பிள் பறிச்சேன் டாக்டர்” என்றார் இவர். நான் கையேட்டை எடுத்து ஆறாம் பக்கத்தைப் புரட்டினேன். தொழிலாளர் உரிமைக்கு என்று நான் கேலி செய்த அதே டொராண்டோ எண்தான். நம் சமையலறை போனிலிருந்து பேசினோம். பயந்துபோய் இரண்டு தடவை வைத்துவிடப் பார்த்தார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, “வச்சீங்கன்னா சோறு கெடையாது” என்றாள். மறுநாள் காலையிலேயே முதலாளி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இப்போது மாவுக்கட்டு. அதன்மேல் டோபி ஒரு நெடுஞ்சாலை வரைந்திருக்கிறான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன செவ்வாய் அம்மா நேராக நகர அலுவலகத்துக்குப் போய்விட்டாள். சண்டைக்கு இல்லை. அதாவது, கொஞ்சம் சண்டைக்குத்தான். “என்னைக் கேக்காம எப்படிங்க என் வீட்ட அச்சுல போட்டீங்க? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேன்ல?” என்றாளாம். பெவர்லி, எதற்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் அந்தப் பெவர்லி, தட்டச்சில் தானே ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நம்பி அழுதுவிட்டாராம். உடனே உத்தரவு: மிச்சமிருக்கும் நூற்று எழுபது பிரதிகளிலும் அந்த வரிக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டவேண்டும்.

ஒட்டும் வேலை யாருக்கு என்கிறீர்கள்? என் நாற்பது மணி நேரத்துக்கு.

ஒட்டினேன் அப்பா. நூற்று எழுபதும். நான் எழுதியதை நானே மூடினேன். அடுத்த மேசையில் பெவர்லி மூக்கைச் சிந்திக்கொண்டே, “உங்கம்மா மொகத்துல இனி எப்படி முழிப்பேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பிரதி ஒட்டியதும் என்னால் முடியவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. “எட்டு மாசமா யாரும் வரலன்னு நான் சொன்னேனா? உங்கிட்ட சொன்னேனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப எனக்கு ஆள் வேணும்னு நீ ஊருக்கு விளம்பரம் போட்டிருக்க” என்றாள்.  அதற்குப் பிறகு கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

இன்று ஞாயிறு. அம்மா சின்னச் சட்டியில் சோறு வைத்தாள். மூன்று பேருக்கு மூன்று பேர் சோறு. நம் வீட்டில் அந்தச் சட்டி ஞாயிற்றுக்கிழமை அடுப்பேறி நான் பார்த்ததில்லை. வெள்ளைத் தாள் சேதி எல்லாருக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது, இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை.

அந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள். கெடுத்தது நான்தான்.

டெஸ்


போர்ட் மார்ஸ்டன்
நவம்பர் 17, திங்கள்

அப்பா! போடாதீர்கள்! போடாதீர்கள்! இதை முதலில் படித்துவிட்டு அதைப் படியுங்கள்!

நேற்றும் சின்னச் சட்டிதான். இரண்டு மணி. யாரும் இல்லை. இரண்டு இருபதுக்கு எதிர்சாரியில் ஒரு கார் வந்து நின்றது. லோரெய்னுடைய கார். நூலகத்துப் பிரதியில் வெள்ளைத் தாளைப் பார்த்திருக்கிறாள். மிமி மட்டும் கேட்காமல் அழுதிருக்கிறாள், அதனால் தெருவரைக்கும் வந்துவிட்டார்கள். இறங்கவில்லை. பின்சீட்டில் மிமி கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சன்னலோரம் நின்றாள். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். 

“எஞ்சினையும் நிறுத்திட்டு அந்தப் பிள்ளைய இந்தக் குளிர்ல எதுக்கு ஒக்கார வச்சிருக்கா?” என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல். “அறிவில்ல?”

செருப்புகூட மாட்டாமல் தெருவைத் தாண்டிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். திரும்பி வரும்போது அவள் இடுப்பில் மிமி இருந்தாள், பின்னால் லோரெய்ன் இருந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்து, “பெரிய பானைய எறக்கு. மசமசன்னு நிக்காத. மத்தவங்களுக்குப் போன் போடு” என்றாள்.

நாலு மணிக்கு ஒன்பது பேர். எகர்ட்டன் மாவுக்கட்டோடு ஒற்றைக் கையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார். “மே மாசம் இதே நாற்காலி, மிஸ் மார்வா. யாருக்கும் குடுத்திராதீங்க” என்றார். உங்கள் சட்னி ஒரு புட்டி கொடுத்தனுப்பினோம். பெவர்லியும் வந்தார், உருளைக்கிழங்கு சாலட் எடுத்துக்கொண்டு. அதில் உப்பும் இல்லை, மிளகும் இல்லை, மனசு மட்டும் இருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “பெவர்லி, நல்லாருக்கு. அடுத்த வாரம் நீங்க தட்டு கொண்டாங்க” என்றாள்.

பிறகு கையேட்டைக் கேட்டாள். பதினோராம் பக்கத்து வெள்ளைத் தாளைப் பிய்ப்பாள் என்று நினைத்தேன். பிய்க்கவில்லை. பேனாவை எடுத்து அதன்மேலேயே எழுதினாள். அப்படியே தருகிறேன்:

‘ஞாயிறு இரண்டு மணி. மார்வா பின்னக் வீடு. தலை பின்னப்படும். சாப்பாடு உண்டு. தெருவில் நிற்க வேண்டாம், மணி அடிக்கவும். தாமதமாக வருபவர்கள் பாத்திரம் கழுவுவார்கள்.’

என் பக்கம் தள்ளி, “மிச்சம் நூத்தி அறுவத்தொம்பது. கையெழுத்து ஒழுங்கா இருக்கணும்” என்றாள். சீப்பு கழுவுவதும் முடி கூட்டுவதும் இனி ஞாயிறுதோறும் என் வேலை. இதெல்லாம் நாற்பது மணியில் சேராது என்றாள். சேரும் என்று பெவர்லி காதோடு சொல்லியிருக்கிறார்.

முப்பத்தோராவது பிரதியில் இருக்கிறேன். விரல் வலிக்கிறது. விரல்களுக்கு இது வேண்டும்தான்.

போடாதீர்கள்.

டெஸ்


ஈரி ஏரி
டிசம்பர் 2

அன்பு மகள் ஒடெஸாவுக்கு,

‘இதை முதலில் படியுங்கள்’ என்பதைக் கடிதத்துக்குள் எழுதினால் எப்படியடி தெரியும்? உறையின்மேல் எழுத வேண்டாமா? உன் இரண்டு கடிதமும் ஒரே வாளியில் வந்தன. கைக்கு முதலில் கிடைத்தது ஒன்பதாம் தேதிக் கடிதம்.

படித்தேன். சின்னச் சட்டி என்ற இடத்தில் எனக்குக் கண் மறைத்தது. சமையலறைக்கு ஓடி, உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்து வந்து வாளியில் போட்டேன். வாளி கீழே இறங்கத் தொடங்கியது. இறங்குகிறதே என்று பார்த்துக்கொண்டே இரண்டாவது உறையைக் கிழித்தேன்.

மேலே இழுங்கடா என்று நான் போட்ட சத்தத்தில் கப்பல் தரை தட்டிவிட்டது என்று எண்ணி, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் வெளியே ஓடிவந்தார். கயிறு பாதி வழியில் இருந்தது. நானே இழுத்தேன். இருபத்திரண்டு பேருடைய கடிதமும் என் கடிதத்தோடு மேலே வந்துவிட்டது. அதற்குள் தபால் படகு விலகிப் போயிற்று. அன்றிரவு யாரும் என்னோடு பேசவில்லை. மூன்று ஆப்பிள் ‘பை’ பலகாரம் சுட்டுப் போட்ட பிறகு மன்னித்தார்கள்.

ஆனாலும் உன் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ கட்சிக்காரி ஆகிவிட்டாய். அதனால் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிறு, கரை பிடித்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி இரண்டே முக்கால்.

நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறார்கள், டோபி எதற்கோ கத்துகிறான். “மார்வா, நான்தான். எப்படி இருக்கே?” என்றேன்.

“லாஸல்ஸா? அப்பறம் கூப்பிடு. கையில ஒரு தலை இருக்கு” என்றாள்.

வைத்துவிட்டாள்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு துறையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய பேச்சிலேயே இனிமையானது அதுதான். அன்றைக்கே ஓட்டலுக்கு, நன்றி, வர இயலாது என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

பழைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் முப்பது பேருக்கான பயறுச் சோற்றுக்கு அளவு எழுதியிருக்கிறேன். அந்தப் பானை இனிப் போதாது. கப்பலில் ஒரு பழைய அண்டா இருக்கிறது, மேட்டிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஜனவரியில் ஏரி உறைந்ததும் வருகிறேன். பத்து மாதமாக என் தலையில் கப்பல் எஞ்சின் அறைக்காரர்தான் கத்தரி வைக்கிறார், டோபியே பார்த்துச் சிரிப்பான். வந்த முதல் ஞாயிறு எனக்கு ஓர் இடம் பிடித்து வை. வீட்டுக்காரன் என்ற சலுகை வேண்டாம். வரிசையிலேயே நிற்கிறேன்.

தாமதமானால் பாத்திரம் கழுவுகிறேன்.

உன் அப்பா,
லாஸல்ஸ்